மொபைல் ஹோமில் வினைல் போடுவதற்கு முன் வீட்டுக்கு அடியில் போய்ப் பாருங்கள்

கேள்வி இது: "ஹூஸ்டனுக்கு வடக்கே இரண்டு ஏக்கர் நிலத்தோடு, 1983இல் செய்த ஒரு சிங்கிள்வைட் மொபைல் ஹோம் (தொழிற்சாலையில் ஒரே துண்டாகச் செய்து கொண்டுவந்து வைக்கும் வீடு) வாங்கியிருக்கிறோம். 14 அடி அகலம், 66 அடி நீளம். பழைய கார்ப்பெட்டைக் கிழித்துப் பார்த்தால் கீழே மரத்தூள் பலகை. குளியலறைப் பக்கமும் பின்வாசல் பக்கமும் கால் வைத்தால் அமுங்குகிறது. மெல்லிய பிளைவுட் ஒன்றை மேலே அடித்துவிட்டு கிளிக் வினைல் (ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தரைப் பலகை) போட்டால் போதும் என்று கடையில் சொல்கிறார்கள். போதுமா? ஒரு வாரத்தில் முடியுமா?"

போதாது. அமுங்குகிற தரைமேல் பிளைவுட் அடிப்பது, கிழிந்த பாயை மறைக்கப் புதுப் போர்வை விரிப்பது மாதிரிதான். பார்க்க நன்றாக இருக்கும், உட்கார்ந்தால் தெரிந்துவிடும். டெக்சஸில் இந்த மாதிரி வீடுகளில் தரை வேலை பல வருடம் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பழைய மொபைல் ஹோமில் தரையை மேலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. கீழிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஏன் என்று புரிய, இந்த வீட்டைத் தொழிற்சாலையில் எப்படிச் செய்தார்கள் என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் இரும்புச் சட்டம், அதாவது சேஸி. அதன்மேல் மர ஜாய்ஸ்டுகள், அதாவது தரையைத் தாங்கும் கட்டைகள். ஜாய்ஸ்டுகளுக்கு இடையில் காற்றுக் குழாய், தண்ணீர்க் குழாய், கண்ணாடி இழை இன்சுலேஷன். இவை எல்லாவற்றையும் கீழே விழாமல் தாங்கிப் பிடிக்க, அடியில் கறுப்பாக ஒரு உறை. அதை இங்கே பெல்லி, அதாவது வயிறு என்பார்கள். ஜாய்ஸ்டுகளின் மேல் பலகைகளை வீடு முழுவதும் ஒரே தளமாக அடித்து, அதற்கு அப்புறம்தான் சுவர்களை நிறுத்துவார்கள். ஆகவே நீங்கள் மிதிக்கிற பலகை சுவருக்கு அடியிலும் ஓடுகிறது. ஓர் அறையின் தரையை முழுசாக உருவி எடுக்க முடியாது. சுவர் ஓரமாக வெட்டித்தான் எடுக்க முடியும். இந்த ஒரு விஷயம் வேலையின் பாதியைத் தீர்மானிக்கும்.

1976 ஜூன் 15க்குப் பிறகு செய்த வீடுகள் ஹட் என்கிற அமெரிக்க மத்திய வீட்டுவசதித் துறையின் விதிப்படி கட்டப்பட்டவை. சட்டத்தில் அவற்றுக்குப் பெயர் மேனுஃபேக்சர்ட் ஹோம். ஊர் வழக்கில் எல்லாமே மொபைல் ஹோம்தான். உங்களுடையது அந்த விதிக்கு உட்பட்டது. ஆனாலும் அந்தக் கால வீடுகளில் தரைக்குப் பெரும்பாலும் போட்டது 5/8 அங்குல மரத்தூள் பலகை, பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளைப் பசையில் பிசைந்து அழுத்தியது. காய்ந்து இருக்கும்வரை கல் மாதிரி இருக்கும். தண்ணீர் பட்டால் டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி ஊதிவிடும். பிளைவுட் நனைந்தாலும் காய்ந்ததும் ஓரளவு பழைய நிலைக்கு வரும். இது வராது. ஊதினது ஊதினதுதான், ஸ்க்ரூவையும் பிடிக்காது. அதனால் அமுங்குகிற இடத்தைக் காய வைத்துச் சரிசெய்யலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

சரி, இப்போது வீட்டின் அடிப்பக்கத்தை மறைத்துச் சுற்றியிருக்கும் ஸ்கிர்ட்டிங்கில் ஒரு பலகையைக் கழற்றிவிட்டு, டார்ச் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி வேண்டும். கிழக்கு டெக்சஸில் காப்பர்ஹெட் பாம்பும் பிளாக் விடோ சிலந்தியும் இந்த மாதிரி இருட்டைத்தான் தேடி வரும். முதலில் ஒரு நீளக் கம்பால் தட்டிவிட்டு நுழையுங்கள். அடியில் மண் ஈரமாக இருந்தால் மெயின் பிரேக்கரை அணைத்துவிட்டு இறங்குங்கள்.

உள்ளே பார்க்க வேண்டியது அந்தக் கறுப்பு வயிற்றை. எங்கேயாவது பால் பாக்கெட் மாதிரி தொங்கினால் அதற்குள் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். நேர் கீழே படுத்துக்கொண்டு அதைக் குத்தாதீர்கள். ஒருமுறை குத்தி வாங்கிக் கட்டிக்கொண்டவன் சொல்கிறேன். எங்கே கிழிந்திருக்கிறது, எங்கே இன்சுலேஷன் தொங்குகிறது, எலி எங்கே கூடு வைத்திருக்கிறது, காற்றுக் குழாய் எங்காவது கழன்றிருக்கிறதா என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மேலே வந்து, அமுங்குகிற இடங்களையும் அந்தப் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்துக்கு எட்டு இடத்தில் காரணம் அங்கேயே இருக்கும்.

குழாய்களையும் பாருங்கள். சாம்பல் நிறத்தில் வளைகிற பிளாஸ்டிக் குழாய் இருந்து, அதன்மேல் பிபி2110 என்று அச்சிட்டிருந்தால் அது பாலிபியூட்டிலீன். 1978 முதல் 1995 வரை வீடுகளில் தாராளமாகப் போட்டார்கள். கசிந்தும் இணைப்புகளில் விட்டுப்போயும் நாடு முழுக்க வழக்கு நடந்த சரக்கு. உங்கள் வீட்டில் அது இருந்தால் தரையைத் திறந்திருக்கும் இந்தச் சமயத்திலேயே பெக்ஸ் என்கிற வேறு வகைப் பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றிவிடுங்கள். புதுத் தரை போட்டபின் அதற்கு அடியில் கசிவு தேடுவதைப் போன்ற எரிச்சல் வேறு கிடையாது.

தண்ணீர் கீழிருந்துதான் வரும் என்றும் இல்லை. பின்வாசல் அமுங்குகிறது என்றால் கதவின் கீழ்ச்சட்டம் வழியாக மழைத் தண்ணீர் போகிறது. ஜன்னலுக்குக் கீழே அமுங்கினால் ஜன்னல் ஓரத்தில் தண்ணீர் புகாமல் பூசிய அடைப்பு போயிருக்கும். வாட்டர் ஹீட்டர் அலமாரி, வாஷிங் மெஷின் மூலை, டாய்லெட்டைச் சுற்றி, தொட்டியின் முன் விளிம்பு: இவை நாலும் எந்த வீட்டிலும் சந்தேகத்துக்குரிய இடங்கள். காரணத்தை நிறுத்தாமல் பலகையை மாற்றினால் மூன்றாவது வருடம் மறுபடியும் இதே கேள்வியைக் கேட்பீர்கள்.

இனி வரப்போவதுதான் இந்தப் பதிலில் முக்கியமானது, கடைக்காரர்கள் சொல்லாதது. நாற்பது வருடம் கார்ப்பெட்டுக்கு அடியில் தாக்குப்பிடித்த பலகை, வினைல் போட்ட இரண்டு மூன்று வருடத்தில் உளுத்துப்போகலாம். வினைலில் எந்தக் குறையும் இல்லாமலே இது நடக்கும்.

ஜில்லென்ற தண்ணீர் டம்ளரை வெளியே வைத்தால் வியர்க்கிறதல்லவா, அதே கதை. ஹூஸ்டன் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் வெளிக்காற்றின் ஈரம் தண்ணீராகத் திரளும் வெப்பநிலை 75 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் நிற்கும். உள்ளே ஏசியை 70, 72இல் வைத்திருப்பீர்கள். தரை அதே அளவுக்குக் குளிர்ந்திருக்கும். வயிறு கிழிந்த இடத்தில் வெளிக்காற்று நேராக வந்து குளிர்ந்த பலகையைத் தொடும், வியர்க்கும். கார்ப்பெட் இருந்தவரை அந்த ஈரம் மெல்ல மேலே ஏறி, ஏசிக் காற்றில் காய்ந்துபோனது. வினைல் மழைக்கோட்டு மாதிரி. ஈரத்தை மேலே விடாது. பலகைக்குள்ளேயே தங்கும்.

இது தெரியாமல் நானும் மாட்டியிருக்கிறேன். ஒரு வீட்டுச் சமையலறையில் பலகையெல்லாம் மாற்றி, ஒரே விரிப்பாக வரும் சீட் வினைலை அழகாக ஒட்டிக் கொடுத்தேன். இரண்டாவது கோடையில் கூப்பிட்டார்கள். வெள்ளை வினைலில் அங்கங்கே ரோஸ் நிறத்தில் திட்டுத்திட்டாக. துடைத்தால் போகவில்லை, பிளீச்சுக்கும் அசையவில்லை. அது மேலே பட்ட கறை இல்லை. அடியில் பூஞ்சை வளர்ந்து, அது விட்ட சாயம் வினைலுக்குள் ஏறியிருந்தது. கீழே போய்ப் பார்த்தால் சரியாக அந்தத் திட்டுகளுக்கு அடியில் வயிற்றில் ஒரு முழ நீளக் கிழிசல். முதல் நாளே குனிந்து பார்த்திருந்தால் ஒரு ரோல் டேப்பில் முடிந்திருக்கும். முழுத் தரையையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

அதனால் மேலே கை வைப்பதற்கு முன் கீழே மூன்று வேலை. கழன்ற காற்றுக் குழாயை மாஸ்டிக் என்கிற அடைப்புப் பசை பூசி அடைப்பது. நனைந்த இன்சுலேஷனை எடுத்துவிட்டுப் புதிது வைத்து, கிழிந்த வயிற்றை அதற்கென்றே விற்கும் துணியாலும் டேப்பாலும் மூடுவது. வெறும் மண்மேல் 6 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு) கனமுள்ள பிளாஸ்டிக் விரிப்பை, ஒன்றன்மேல் ஒன்று ஓரடியாவது ஏறும்படி விரிப்பது. ஸ்கிர்ட்டிங்கில் காற்று போக வழியும் வேண்டும். வழக்கமான கணக்கு 150 சதுர அடிக்கு ஒரு சதுர அடி திறப்பு. உங்கள் வீடு 924 சதுர அடி, ஆகவே ஆறு சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். வென்ட்டின் வெளி அளவை எண்ணாதீர்கள். வலை, தகடு போக மிஞ்சும் நிகரத் திறப்பு அதன் அட்டையில் இருக்கும், அதைக் கூட்டுங்கள். மழைத் தண்ணீர் வீட்டுக்கு அடியில் ஓடிவந்தால் இது எதுவும் பயன்படாது. மண்ணை வெளிப்பக்கம் சரிவாக இழுத்துவிடுங்கள்.

அடுத்தது மட்டம். மொபைல் ஹோம் கான்கிரீட் கட்டைகளை அடுக்கிய தூண்களின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஹூஸ்டன் பக்கக் களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். தூண்கள் ஆளுக்கொரு பக்கம் இறங்கும். கதவு இடிக்கிறது, ஜன்னல் திறக்க வரவில்லை என்றால் இதுதான். இதைச் சரிபார்க்க இங்கே பயன்படுத்துவது நம்மூர்க் கொத்தனார் கையில் இருக்கும் அதே டியூப் லெவல்தான், கொஞ்சம் பகட்டாக ஒரு வாளியோடு. வீட்டைத் தூக்கி ஆப்பு வைக்கிற வேலையை நீங்களே செய்ய வேண்டாம். டெக்சஸில் மாநில உரிமம் பெற்ற மொபைல் ஹோம் இன்ஸ்டாலர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் விடுங்கள். ஆனால் தரை போடுவதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள். தரை போட்டபின் வீட்டைத் தூக்கினால் பலகை இணைப்புகள் விரியும், கிளிக் பூட்டுகள் விட்டுக்கொள்ளும்.

கார்ப்பெட்டை எடுத்துவிட்டீர்கள். சமையலறை, குளியலறையில் பழைய வினைல் சீட் இருந்தால் அதைச் சுரண்டவோ தேய்க்கவோ செய்யாதீர்கள். எண்பதுகளின் முற்பகுதி வரை வந்த பல சீட்டுகளின் பின்பக்கத் தாளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஓரத்தில் தண்ணீர் தெளித்து ஒரு சிறு துண்டு வெட்டி, ஜிப் பையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இருக்கிறது என்று வந்து, அடியில் பலகை உறுதியாகவும் இருந்தால், தொடாமல் அதன்மேலேயே பிளைவுட் போட்டு மூடிவிடுவது நல்ல வழி. பலகை உளுத்திருந்தால் அதற்கென்று உரிமம் உள்ள ஆள்தான் எடுக்க வேண்டும்.

மற்ற அறைகளில் கார்ப்பெட் பின்களை ஒன்று விடாமல் பிடுங்குங்கள். சலிப்பான வேலை, முழங்காலுக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சுவர் ஓரமாகவும், காற்று வரும் சதுரத் திறப்புகளைச் சுற்றியும், குழாய் ஏறும் இடங்களிலும் குத்திக்கொண்டே போங்கள். நல்ல பலகையில் முனை நிற்கும். கெட்டதில் இறங்கும். ஈரமானி ஒன்று இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. 12 சதவீதத்துக்கு மேல் காட்டினால் வினைலை நினைக்காதீர்கள், கீழே இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது. பழைய நாய், பூனை மூத்திர வாடை இருந்தால் ஷெல்லாக் பிரைமர் அடித்தால் அடங்கும்.

வெட்டும்போது வட்ட ரம்பத்தின் ஆழத்தைப் பலகைக் கனத்துக்கு மட்டும் வையுங்கள். அடியில் வயர், குழாய், தகரக் காற்றுக்குழாய் எல்லாம் ஓடுகிறது. அமுங்குகிற இடத்தோடு நிறுத்தாமல், நல்ல பலகை வரும்வரை போய், ஜாய்ஸ்டின் நடுக்கோட்டில் வெட்டுங்கள். அப்போதுதான் பழைய பலகைக்கும் புதுப் பலகைக்கும் உட்கார ஆளுக்குப் பாதி இடம் கிடைக்கும். சுவர் ஓரத்தில் ஜாய்ஸ்ட் அகப்படாது. அங்கே சுவரை ஒட்டி, முனை அதிர்ந்து வெட்டும் ஆசிலேட்டிங் கருவியால் வெட்டி, அடியில் புதிதாக 2x4 கட்டைகளை ஜாய்ஸ்டுகளுக்கு இடையில் ஒட்டி, ஸ்க்ரூ போட்டுத் தாங்கு கொடுங்கள். நான் பார்த்த அரைகுறை வேலைகளில் பாதி, இந்தக் கட்டையை வைக்காமல் விட்டவை. பலகை ஓரம் அந்தரத்தில் நிற்கும், பீரோ வைத்த அன்றே இறங்கும்.

ஜாய்ஸ்ட் கறுத்து மேல்பக்கம் மட்டும் மெத்தென்று இருந்தால் பக்கத்தில் அதே உயரத்தில் புது மரம் ஒன்றை, இரண்டு பக்கமும் நல்ல மரம் வரும் நீளத்துக்கு, சேர்த்து அடிக்கலாம். வெளிச்சுவருக்கு அடியிலேயே உளுத்திருந்தால் நிறுத்துங்கள். அந்தச் சுவர்மேல் கூரை நிற்கிறது. தாங்கு கொடுத்துவிட்டுச் செய்யத் தெரிந்த தச்சரைக் கூப்பிடுங்கள்.

புதுசாகப் போடுவது பிளைவுட்தான். திரும்பவும் பார்ட்டிகிள் போர்டு வேண்டாம். பழையது 5/8, நம்மூர் ஆசாரி கணக்கில் ஐந்து நூல். கடையில் 19/32 என்று எழுதியிருக்கும் பிளைவுட் அதற்கு ஏறக்குறைய சரி. ஓர் அறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் ஒட்டுப்போடாமல் அறை முழுவதும் எடுத்துவிட்டு முக்கால் அங்குலத்தில் போட்டுவிடுவது என் வழக்கம். கதவடியில் வரும் சின்ன உயர வித்தியாசத்தை ஒரு பட்டையால் மறைத்துக்கொள்ளலாம். ஜாய்ஸ்டில் பசை இழுத்து, 2 அங்குல ஸ்க்ரூ, ஓரங்களில் ஆறு அங்குலத்துக்கு ஒன்று, நடுவில் ஓரடிக்கு ஒன்று. பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. ஆணியை இடையில் சொருகி அளந்துகொள்ளுங்கள். மாற்றாமல் விட்ட பழைய பலகைகளையும் ஜாய்ஸ்டுகளோடு புதிதாக ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். கிறீச் சத்தம் அங்கேயே போய்விடும்.

இப்போது பத்தடி நேர்க்கட்டை ஒன்றைத் தரையில் வைத்துச் சுற்றுங்கள். வினைல் கம்பெனிகள் பொதுவாகக் கேட்பது பத்தடிக்கு 3/16 அங்குலம், அதாவது ஒன்றரை நூலுக்கு மேல் மேடுபள்ளம் கூடாது என்பது. மேட்டைத் தேய்க்க வேண்டும், பள்ளத்தை நிரப்ப வேண்டும். நிரப்ப சிமென்ட் அடிப்படையிலான பேட்சிங் மாவு வாங்குங்கள். ஊற்றினால் தானாகப் பரவும் லெவலர் மொபைல் ஹோமுக்கு ஒத்துவராது. தரை நடக்கும்போது கொஞ்சம் ஆடும், அது விரிசல் விடும்.

கடைக்காரர் சொன்ன மெல்லிய பிளைவுட் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது, அதுவும் எல்லோருக்கும் இல்லை. சீட் வினைல் அல்லது ஒட்டும் டைல் போடுவதென்றால் அவசியம். சீட் மெல்லியது, அடியில் ஒரு ஸ்க்ரூத் தலை இருந்தாலும் ஆறு மாதத்தில் மேலே காட்டிக்கொடுக்கும். அண்டர்லேமென்ட் தரம் என்று முத்திரை உள்ள கால் அங்குலப் பலகை கேளுங்கள். லவான் என்கிற மலிவுப் பிளைவுட்டில் உள்ளே வெற்றிடங்கள் இருக்கும், சிலவற்றின் சாயமும் ஏறும். அதன் இணைப்புகள் கீழ்ப் பலகையின் இணைப்புகளுக்கு நேராக வரக் கூடாது. பசை போடாமல், ஓரங்களில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒரு ஸ்டேபிள்.

இன்னொன்று, சிரிப்பாக இருக்கும். அந்தப் பலகையில் மார்க்கர் பேனாவால் எதுவும் எழுதாதீர்கள். என்னோடு இருந்த பையன் ஒருவன் பெர்மனென்ட் மார்க்கரால் அம்புக்குறியும் அளவும் போட்டு வைத்தான். வினைல் ஒட்டிச் சில மாதம் கழித்து, கூடத்தின் நடுவில் "31 1/2" என்று மெல்ல எழும்பி வந்தது. மை வினைலுக்குள் ஏறிவிடும். பென்சில் மட்டும்தான். ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடிகளுக்கும் இதே குணம், மஞ்சளாக்கிவிடும்.

நீங்கள் சொன்ன கிளிக் வினைலுக்கு, பிளைவுட் உறுதியாகவும் சமமாகவும் இருந்தால் மேல் அடுக்கு தேவையில்லை. முதுகில் ஃபோம் ஒட்டியே வரும் பலகை என்றால் அடியில் இன்னொரு ஃபோம் விரிக்காதீர்கள். மெத்தென்று இருப்பது நடக்கச் சுகம், பூட்டுகளுக்கு எமன். பெட்டிகளை இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே, ஏசி ஓடும் நிலையில் வையுங்கள். சுவர் ஓரம் கால் அங்குலம் இடம் விடுங்கள். சமையலறைக் கேபினெட்டை அதன்மேல் நிறுத்தாதீர்கள், தரை சுருங்கி விரிய முடியாமல் நடுவில் எழும்பும்.

டாய்லெட்டைக் கழற்றியிருப்பீர்கள் அல்லவா, திரும்ப வைக்குமுன், அதைக் கழிவுக் குழாயோடு இணைக்க தரையோடு இருக்கும் வளையத்தைப் பாருங்கள். அது முடிந்த தரையின்மேல், கால் அங்குலம் மட்டும் உயர்ந்து உட்கார வேண்டும். தரை உயர்ந்து வளையம் கீழே போய்விட்டால் உயர்த்தும் வளையம் ஒன்று விற்கிறார்கள். இடையில் கசியாமல் அடைக்கும் மெழுகு வளையத்தை ஒன்றன்மேல் ஒன்று இரண்டு வைத்துச் சமாளிக்காதீர்கள். குளியலறைத் தரை உளுத்ததே பெரும்பாலும் அந்த இடத்துக் கசிவால்தான்.

ஒரு வாரத்தில் முடியுமா என்றால், இரண்டு பேர் லீவு போட்டுச் செய்தால் அடிப்பக்க வேலைக்கு மூன்று நாள், பலகைக்கு நாலைந்து நாள். நடுவில் ஈரம் காய ஒரு வாரம் சும்மா விட வேண்டி வரலாம். வினைல் போடுவது கடைசி இரண்டு நாள். அதுவரை சமையலறையை மட்டும் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டுக்குத் திண்டாட வேண்டாம்.